இல்லத்தை விட்டுப் போகிற நாள்: அன்றும் இன்றும்

நுகேகொடையில் அறை தேடி வருகிற இளம்பிள்ளைகளிடம் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள் காலங்காலமாக அப்படியே இருக்கின்றன. “பிள்ளைக்கு எந்த ஊர்? அப்பா என்ன செய்யிறார்? சனி ஞாயிறில வீட்ட போவீரோ?” சிங்கள வீடானாலும் தமிழ் வீடானாலும் இவற்றையேதான் கேட்பார்கள். ஹைலெவல் வீதியில் 138 பஸ் நிற்கும் தரிப்புகளுக்குப் பின்னால், கங்கொடவில பல்கலைக்கழகப் பக்கம், நாவல திறந்த பல்கலைக்கழகப் பக்கம், தெல்கந்தைச் சந்தைப் பக்கம் எங்கும் அனெக்ஸ்களும் போடிங்குகளும்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ ஹற்றன் பிள்ளையோ இந்த மூன்றுக்கும் யோசியாமல் பதில் சொல்லிவிடும். சிறுவர் இல்லத்தில் வளர்ந்து, பதினெட்டு முடிந்து வெளியே வந்த பிள்ளைக்கு மூன்றும் இடறும். எந்த ஊரைச் சொல்வது, பிறந்த ஊரையா இல்லம் இருந்த ஊரையா? அப்பா என்ன செய்கிறார் என்பது தெரிந்தால்தானே சொல்ல? சனி ஞாயிறில் போக ஒரு வீடு இருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

அந்தப் பிள்ளைக்காக வாசலில் நின்று பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அன்று அந்த ஆள் இருந்தார். அவர் கேட்ட விலை பெரிது. இன்று அந்த ஆளின் இடத்தில் சட்டமும் படிவமும் கொஞ்சம் பணமும் இருக்கின்றன. இடையில் நடந்தது என்ன என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

இல்லங்கள் இங்கே சட்டத்துக்கு முந்தியவை. கொட்டாஞ்சேனைக்கு நல்லாயன் கன்னியர் 1869இல் வந்தார்கள். பள்ளிக்கூடத்தோடு தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் மடத்தின் பொறுப்பில் வளர்ந்தார்கள். தெற்குக் கரையோரம் மக்கொனையில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய புனித வின்சன்ட் இல்லம் பையன்களுக்குக் கைத்தொழில் பழக்கியது. மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கிய காலத்தில், இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லமும் பள்ளியும் சேர்ந்தே வளர்ந்தன. ஏழைப் பிள்ளை படிக்க வேண்டுமென்றால் முதலில் அது படுத்தெழும்ப ஒரு இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சட்டங்கள் பிறகு வந்தன. 1939இல் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். 1941இல் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் பிள்ளைகளைத் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டமும். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையை நீதவான் ‘தகுதியான ஆள்’ ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று 1939ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாட்டுக்கு இலங்கைச் சட்டத்தில் இருந்த வாசல் அதுதான். அந்த வாசலால் போனவர்கள் பெரும்பாலும் அம்மம்மாவும் சித்தியும் மாமாவும். உறவே இல்லாத ஒரு குடும்பம் பயிற்சி எடுத்து, மாதாமாதம் அரசிடம் ஒரு தொகை பெற்று, ஊரார் பிள்ளையைத் தன் பிள்ளையோடு வளர்க்கும் மேல்நாட்டு முறை இங்கே வேர்விடவில்லை. உறவுக்காரர் ஏற்காத பிள்ளை இல்லத்துக்குத்தான் போனது. ஆகவே இங்கே இந்த விஷயத்தைப் பேசுவதென்றால் இல்லங்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அன்றைய இல்லங்களில் இத்தனை வயதில் வெளியே போ என்ற கறார் கிடையாது. சட்டப்படி ஒருவர் வயது வந்தவர் ஆவதே 21இல். 1989இல்தான் அது 18 ஆனது. பையன் தொழில் பழகினால் போவான். பெண்பிள்ளை கலியாணம் கட்டினால் போவாள். இரண்டையும் ஒழுங்குபடுத்தியது ஒரே ஆள்: மதர், அல்லது மேட்ரன், அல்லது சுவாமி, அல்லது கோயில் தலைவர். அச்சகத்துக்காரரிடமும் தச்சுப் பட்டறைக்காரரிடமும் அவரே போய், “எங்கட பெடியன், நான் பொறுப்பு” என்று சொல்லுவார். அந்த ஒரு வசனத்தில் வேலையும் தங்குமிடமும் கிடைத்துவிடும். பெண்பிள்ளை என்றால் மாப்பிள்ளை வீட்டாரோடு பேசி, இல்லத்து மண்டபத்திலேயே தாலி கட்டுவித்து, சீதனமென்று ஒரு தையல் மெஷினும் நாலு சேலையும் கொடுத்து அனுப்புவார். முதல் பிள்ளைப்பேற்றுக்கு அந்தப் பெண் இல்லத்துக்கே திரும்பி வந்ததும் உண்டு. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரைப் பற்றிப் பேசுகிற யாழ்ப்பாணத்தார், அவருடைய சொற்பொழிவைச் சொன்ன கையோடு துர்க்காபுரம் மகளிர் இல்லத்தையும் சொல்வார்கள். கோயிலுக்கு வருகிற காசு பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் போனதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

இதை வைத்துக்கொண்டு அது பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேட்ரனுக்குப் பிடித்த பிள்ளைக்கு நல்ல இடம் அமைந்தது; வாய் காட்டிய பிள்ளைக்கு முதலில் வந்த இடம். மனைவியை இழந்தவர், வயதில் மூத்தவர், சீதனம் வேண்டாம் என்ற ஒரே தகுதியோடு வந்தவர் எல்லாரும் இல்லத்து வாசலில் மாப்பிள்ளைகள் ஆனார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்ததா? பெண்கள் இல்லமொன்றில் பல ஆண்டு வேலை செய்து ஓய்வுபெற்று இப்போது வெள்ளவத்தையில் மகளோடு இருக்கும் ஒரு மேட்ரனிடம் இதைக் கேட்டேன். “பிள்ளையளிட்ட கேட்டுத்தான் செய்தனீங்களோ, மிஸ்?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நாங்கள் பார்த்துச் செய்தால் சரிதானே எண்டுதான் தம்பி அப்ப இருந்தது. கேட்கிற பழக்கம் இல்லை. ஆனால் ஒண்டு, கட்டிக் குடுத்த பிள்ளை தைப்பொங்கலுக்கு வராட்டில் நான் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பன்.” இந்த இரண்டையும் அவர் ஒரே மூச்சில்தான் சொன்னார். இரண்டும் உண்மை.

அன்றைய கொழும்பில் இன்னொரு வகைப் ‘பிள்ளை வளர்ப்பு’ம் இருந்தது. நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வசதியான வீடுகளின் குசினிப் பக்கம், மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். “எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை பாத்திரம் கழுவியது, கைக்குழந்தையைத் தூக்கித் திரிந்தது, படுக்கும் இடம் சாக்கு விரித்த மூலை. இது எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், 1941ஆம் ஆண்டுத் தத்தெடுத்தல் சட்டத்தின் இரண்டாம் பாகமே இதற்காக எழுதப்பட்டது: பிறர் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருப்பவர் தன்னைப் பாதுகாவலராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தக் காலத்து வீட்டுக்காரரின் மனச்சாட்சிக்கே விடுகிறேன். வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயதை 1956ஆம் ஆண்டுச் சட்டம் 14 என்றது; 2021இல்தான் அது 16 ஆனது. அப்படி வளர்ந்த பிள்ளை பெரியவளானதும் என்ன ஆனாள்? ஒன்றில் சாரதி ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இல்லாவிட்டால் தோட்டத்துக்கு ரயிலேற்றி விட்டார்கள். தோட்டத்தில் லயக் காம்பராவில் அவளுக்கென்று ஒரு இடம் அதற்குள் மிச்சமிருக்கவில்லை.

எழுபதுகளின் இறுதியில் எல்லாம் புரண்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. இல்லத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணத்தைத் தவிர இன்னொரு வழி முதன்முறையாகத் தெரிந்தது: கார்மன்ட். சம்பளம், நாலு பேரோடு பகிரும் போடிங் அறை, சனிக்கிழமை சந்தை. கஷ்டமான சீவியம்தான். ஆனாலும் தன் காசை எண்ணித் தன் பெட்டிக்குள் வைக்கிற சீவியம். அதே காலத்தில் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகத் தாய்மார் போகத் தொடங்கினார்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் இல்லங்களுக்கு வந்தார்கள். ‘அநாதை இல்லம்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் தாயோ தகப்பனோ உயிரோடு உள்ள பிள்ளைகள் பெரும்பான்மை ஆனது இப்படித்தான். ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை ஊரறியச் சொன்னது: இல்லத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பெற்றோர் இல்லாதவர்களல்லர், வறுமையாலும் குடும்பம் உடைந்ததாலும் வந்தவர்கள்.

1981இல் பிலியந்தலையில் எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமம் வந்தது. நுகேகொடையிலிருந்து பொரலஸ்கமுவை வழியாகப் போனால் தூரமில்லை. ஒஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் 1949இல் தொடக்கிய முறை அது: பெரிய மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போடாமல், தனித்தனி வீடுகள், வீட்டுக்கு ஒரு அம்மா, சில பிள்ளைகள். ஆண்பிள்ளைகள் வளர்ந்ததும் இளைஞர் விடுதிக்கு மாறி, சமைக்கவும் செலவுக்கணக்கு எழுதவும் பழகிப் பிறகு வெளியே போவார்கள். வெளியேறுவது ஒரே நாளில் நடக்கும் காரியமல்ல, பல ஆண்டு எடுக்கும் பழக்கம் என்பதை இந்த நாட்டில் நடத்திக் காட்டிய பெருமை அதற்கு உண்டு. மற்ற இல்லங்கள் அதைப் பார்த்துப் பழகவில்லை என்பது என் ஆதங்கம். ஒரு பிள்ளைக்கு அரசு கொடுக்கிற சிறு தொகையிலும் நன்கொடையிலும் ஓடுகிற இல்லத்துக்கு அது கட்டுப்படியாகாது என்பார்கள். சோறு வடிக்கப் பழக்க எவ்வளவு காசு வேண்டும்? முந்நூறு பேருக்குச் சமைக்கும் குசினிக்குள் பிள்ளைகளை விடுவதில்லை; அதனால் பதினெட்டு வயதில் இரண்டு பேருக்கு எத்தனை சுண்டு அரிசி போடுவது என்பது தெரியாமல் வெளியே வருகிறார்கள். பஸ் சீசன் எடுக்க, வங்கிப் படிவம் நிரப்ப, டொக்டரிடம் தனியே போய் வருத்தத்தைச் சொல்ல யாரும் பழக்கிவிட்டதில்லை.

பிறகு போர். வடக்கிலும் கிழக்கிலும் இல்லங்கள் பெருகின. அங்கே பதினெட்டை நெருங்குகிற பிள்ளைக்கு வெளியே காத்திருந்தவை எவை என்று விரிக்கத் தேவையில்லை. கொழும்புக்கு வந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. ஏன் வந்தாய், யாரிடம் வந்தாய், எப்போது போவாய். 2007 ஜூன் 7 விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்கு நோக்கி அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. கொழும்பில் எனக்கு இன்னார் இருக்கிறார் என்று ஒரு பெயர் சொல்ல முடியாதவருக்கு அந்த ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன்பே ஆழிப்பேரலையும் வந்து போயிருந்தது. 2005இல் அதற்கென்றே ஒரு விசேட சட்டம், 16ஆம் இலக்கம், நிறைவேற்றப்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் கண்காணிப்பில் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்க அது வழிசெய்தது. வளர்ப்புக் குடும்பத்தைப் பற்றி இந்த நாடு சட்டத்தில் விரிவாக எழுதியது அப்போதுதான், அதுவும் ஒரு பேரழிவுக்காக மட்டும். பெரும்பாலான பிள்ளைகளை உறவுக்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள். அதே காலத்தில், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த அலியா விட்னி ஜோன்சன் என்ற மாணவி இங்கே வந்து, பாலியல் கொடுமைக்கு ஆளாகிப் பாதுகாப்பு இல்லங்களில் இருந்த இளம்பெண்களுக்கு மணி கோத்து நகை செய்யப் பழக்கினார். ‘எமேர்ஜ் லங்கா’ அப்படிப் பிறந்தது. அதில் எனக்குப் பிடித்தது நகை அல்ல. அவர்கள் உழைத்த காசு அவர்கள் பெயரிலேயே சேமிப்பில் கிடந்து, இல்லத்தை விட்டுப் போகும்போது கையில் கிடைத்தது. வெறுங்கையோடு படியிறங்குகிறவளுக்கும் வங்கிப் புத்தகத்தோடு படியிறங்குகிறவளுக்கும் நடையே வேறு.

ஆழிப்பேரலை ஆண்டான 2004இல் பிறந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது எப்போது முடிந்தது? 2022இல். எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு, செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிய ஆண்டு. குடும்பங்களே பிள்ளைகளைத் தாங்க முடியாமல் தவித்த அந்த ஆண்டில் இல்லத்துப் பிள்ளை தனியே வாழத் தொடங்க வேண்டியிருந்தது.

இனி இன்றைய நிலை. காகிதத்தில் பார்த்தால் அன்றைவிட எவ்வளவோ மேல். 1991இல் இலங்கை ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 1998இல் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வந்தது. 1929 என்ற அதன் தொலைபேசி இலக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையை 2019இல் அமைச்சரவை ஏற்றது: பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இல்லங்களில் உள்ள பிள்ளைகளின் தொகையும் குறைந்து வந்திருக்கிறது. மேட்ரன் நினைத்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டும் காலம் போய்விட்டது. இவையெல்லாம் பெரிய மாற்றங்கள், குறைத்துப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் வெளியேறும் நாள் இப்போது நாட்காட்டியில் இருக்கிறது. பதினெட்டு. அந்த எண் எங்கள் பள்ளிக்கூட ஒழுங்கோடு ஒத்துப்போகவே இல்லை. ஒரு உதாரணம் போதும். 2005இல் பிறந்த பிள்ளைக்கு 2023இல் பதினெட்டு. அந்தப் பிள்ளை எழுத வேண்டிய ஏ.எல். பரீட்சை நடந்தது 2024 நவம்பர், டிசம்பரில். பெறுபேறு வந்தது 2025 ஏப்ரலில். கம்பஸ் கிடைத்தால் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெற்றோரோடு உள்ள பிள்ளை இந்தக் காலத்தில் என்ன செய்யும்? டியூட்டரிக்குப் போகும், வீட்டில் படுத்துத் தூங்கும், “படி, படி” என்று அம்மாவிடம் பேச்சு வாங்கும். இல்லத்துப் பிள்ளை இதே காலத்தில் வேலை தேடி, அறை தேடி, அதன் மேல் இரசாயனவியலும் படிக்க வேண்டும். நல்ல மனமுள்ள பொறுப்பாளர் வாய்த்தால் நன்னடத்தை அலுவலரோடு பேசிப் பரீட்சை முடியும் வரை வைத்திருப்பார். வாய்க்காவிட்டால் இல்லை. ஒரு பிள்ளையின் ஏ.எல். பொறுப்பாளரின் மனநிலையில் தொங்குவதைக் கொள்கை என்று எப்படிச் சொல்வது?

கம்பஸ் கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். மகாபொல புலமைப்பரிசில் 2025இல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது, நல்லது. விடுமுறைக்கு விடுதி மூடும்போது எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். இந்தப் பிள்ளை எங்கே போகும்?

கடதாசிப் பிரச்சினை தனிக்கதை. பிறந்த இடத்தில் விட்டுச்சென்ற பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது; அனுமான வயதுச் சான்றிதழுக்கு ஓட வேண்டும். அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு, வேலை, பரீட்சை எதுவும் இல்லை. கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழுக்கு ஒரு முகவரி வேண்டும், முகவரிக்கு அறை வேண்டும், அறைக்கு வீட்டுக்காரர் அடையாள அட்டை கேட்பார். சான்றிதழ் இருந்தவர்களுக்கும் பழைய படிவத்தில் ஒரு கூடு இருந்தது: பெற்றோர் மணம் முடித்தவர்களா? எத்தனை பேரின் வேலையையும் கலியாணத்தையும் அந்த ஒரு வரி குழப்பியிருக்கும். 2021இல் அறிமுகமான புதிய சான்றிதழில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். ஓசைப்படாமல் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

தமிழ்ப் பிள்ளைக்கு இதோடு மொழியும் சேரும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தோடு மாகாணங்களுக்குப் போயின. மட்டக்களப்பில் வளர்ந்த பிள்ளை நுகேகொடைக்கு வேலைக்கு வந்தால் கிழக்கு மாகாண அலுவலரின் கையிலிருந்து அது நழுவிவிடுகிறது. மேல் மாகாண அலுவலருக்கோ அப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாது. உதவி கேட்டுப் போனால் படிவம் சிங்களத்தில் நீட்டப்படும். தமிழும் அரச கரும மொழி என்று சொன்னதும் அதே 13ஆம் திருத்தம்தான்.

இந்த நிலையில் 2025 பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் இல்லத்துப் பிள்ளைகளின் பெயர் வந்தது ஆறுதல். பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபாய்: 3,000 அன்றாடத் தேவைக்கு, 2,000 பிள்ளையின் பெயரில் வங்கியில். இல்லங்களில் வளர்ந்து வீடில்லாமல் இருப்போர்க்கு வீட்டு நிதியுதவியும் முன்மொழியப்பட்டது. எட்டு வயதில் இந்தச் சேமிப்பில் சேருகிற பிள்ளைக்குப் பதினெட்டில் வட்டி நீங்கலாக 2,40,000 ரூபாய் இருக்கும், அது ஒரு தொடக்கம். பதினேழு வயதில் சேர்ந்த பிள்ளைக்கு இருப்பது 24,000. மூன்று மாதமோ ஆறு மாதமோ வாடகை அட்வான்ஸ் கேட்கும் நுகேகொடையில் அது வாசற்படி வரைக்கும்தான் போகும். தொடக்க ஆண்டுகளில் வெளியேறுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தொகை சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

வெளிநாடுகளைப் பார்த்தால், பணத்தைவிட ஆள்தான் முக்கியம் என்று அவர்கள் கண்டுகொண்டது தெரிகிறது. இங்கிலாந்து 2000இல் பராமரிப்பை விட்டு வெளியேறுவோருக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஆலோசகர், ஒரு வாழ்க்கைத் திட்டம். வளர்ப்புக் குடும்பத்தோடு 21 வரை தங்கலாம் என்று 2014இல் வந்தது. ஆலோசகரின் உதவி 25 வரை என்று 2017இல் நீண்டது. தாய் தகப்பன் இல்லாமல் தனியே லண்டன் போய்ச் சேர்ந்த எங்கள் பையன்கள் பலர் உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பில் வளர்ந்து இந்த ஏற்பாட்டால் பயன்பெற்றவர்கள். இந்தியாவில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பின்பராமரிப்பை 21 வரை, தேவைப்பட்டால் 23 வரை அனுமதிக்கிறது. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 இந்திய ரூபாய். தமிழ்நாட்டில் 2025 செப்டெம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுத்து, 18க்குப் பிறகு உயர்கல்விக்கும் உதவுவதாகச் சொல்கிறது.

இலங்கையில், வாசலில் நின்று பதில் சொன்ன அந்த ஆளின் வேலையை இப்போது செய்யத் தொடங்கியிருப்பவர்கள் இல்லங்களில் வளர்ந்தவர்களே. ‘ஜெனரேஷன் நெவர் கிவ் அப்’ என்ற பெயரில் அவர்களுக்கு ஒரு வலையமைப்பு இருக்கிறது. தன்னைப் போல வளர்ந்த ஒருவன், “மச்சான், அந்த ஒஃபிசுக்குப் போனால் இந்தக் கடிதத்தையும் கொண்டு போ” என்று சொல்லும்போது அதில் இரக்கத்தின் வாடை இல்லை. பழைய மேட்ரன் சொன்ன “நான் பொறுப்பு” என்ற சொல்லின் பலம் இவர்களுக்கு வரவேண்டுமென்றால், ஊரில் பெயர் உள்ளவர்கள் இவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சங்கங்களும் கோயில் சபைகளும் பழைய மாணவர் அமைப்புகளும் நிறைந்தவை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும். ஆண்டுவிழாவுக்கு மண்டபம் பிடிப்பதில் காட்டும் சுறுசுறுப்பில் கால்வாசி போதும்.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியேறும் வயதை 21 ஆக்கட்டும்; முடியாவிட்டால் குறைந்தது ஏ.எல். பெறுபேறு வரும் வரையாவது எந்தப் பிள்ளையையும் இல்லத்தை விட்டு அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை எழுதட்டும். சுற்றறிக்கைக்குப் புதிய சட்டம் வேண்டாம்.

வாசகரிடம் கேட்க இன்னொன்று இருக்கிறது. பிறந்தநாள், திவசம், கலியாண நாள் என்றால் நாங்கள் இல்லத்துக்கு ஒருநாள் சாப்பாடு கொடுக்கிறோம். நல்ல வழக்கம், விட வேண்டாம். சில இல்லங்களில் சனி ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மூன்று மாத வாடகைக்கு ஒருவர்கூட இல்லை. அடுத்த முறை சாப்பாட்டுக்குக் காசு கட்டப் போகும்போது பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் வெளியே போகிற பிள்ளைகள் யார், யார்? அவர்களில் ஒருவருக்கு உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் அனெக்ஸ் இருந்தால், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்காமல் வாடகைக்குக் கொடுங்கள்.